வண்டலூர் வெளிநடப்பு

ஜெயித்தவன் சிரிக்க முடியாமலும் தோற்றவன் அழ முடியாமலும் ஒரு தேர்தல் முடிவு வந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு அப்படித்தான் வந்தது. இருநூற்று முப்பத்து நான்கு இடத்தில் ஆளுங்கட்சிக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஆட்சி நிலைக்க இன்னும் ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எதிரே உழைப்போர் முன்னணிக்குத் தொண்ணூற்றெட்டு, நில உரிமைக் கட்சிக்கு இருபத்து நான்கு. இரண்டும் கைகோத்தால் நூற்று இருபத்திரண்டு, ஆட்சி அவர்களுடையது. கோத்தால் தானே! அந்தக் கவலையில்தான் முன்னணியின் கொறடா அமலோற்பவத்துக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கொறடா என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கட்சி எம்.எல்.ஏ.க்களை எண்ணி, இழுத்து வந்து, சபையில் உட்காரவைத்து, சொன்ன பக்கம் ஓட்டுப் போடவைக்கிற வேலை. "ஆட்டுக்கிடைக்குக் காவல்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். சபையில் அவளுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆனாலும் கடைசி வரிசையில் கதவோரமாகத்தான் உட்காருவாள். முக்கியமான ஓட்டு நாளில் ஒருத்தன் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தாலும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். பலருக்கு அடக்கிக்கொண்டு உட்காருவதே மேல் என்று தோன்றிவிடும்.

சபை இருந்தது வண்டலூரில். கடல் மெரினாச் சாலையை விழுங்கிவிட்டுக் கோட்டை வாசலில் வந்து நின்றபோது, சட்டசபையைத் தூக்கி இங்கே வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. ஊர் சிரித்தது சிரித்ததுதான். சபையில் கூச்சல் கிளம்பினால், "அடுத்த வீட்டுக்காரங்க பயந்துக்கப் போறாங்க" என்று சபாநாயகரே கிண்டல் செய்வார்.

முன்னணியின் தலைவர் திருமலைக்கொழுந்துக்கு எழுபத்திரண்டு வயது. பதினைந்து வருஷமாக எதிர்க்கட்சித் தலைவர். முதலமைச்சர் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்த மனுஷன். அமலோற்பவத்தின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது, சிலுவைத்துறைக் கரையில் பெண்களோடு பெண்களாக மணலில் வந்து உட்கார்ந்தவர் அவர். தேடுவதற்குக் கப்பல் கிளம்புகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். உடம்பு கிடைத்தது; பூமியில் புதைக்க முடிந்தது. கரையில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கரையில் இருப்பவளுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணாச்சி. அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

சிறுபான்மை அரசைக் கவிழ்ப்பது முன்பெல்லாம் சுலபம். கவிழ்த்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பார்கள். ஐந்து வருஷத்தில் மூன்று ஆட்சி விழுந்து ஜனங்கள் சீ என்று வெறுத்துப்போன பிறகு ஒத்திகைச் சட்டம் வந்தது. கவிழ்க்க நினைக்கிறவர்கள் முதலில் ஒத்திகை மண்டபத்தில் உட்கார்ந்து ஆட்சி நடத்திக் காட்டவேண்டும். என்ன தெரிந்தது என்பது அவர்களோடு போகும். அரசாங்கத்துக்கும் சொல்லமாட்டார்கள், பத்திரிகைக்கும் சொல்லமாட்டார்கள். ஜாதகம் பார்த்துவிட்டு எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கட்டிக்கொள். ஆனால் பார்க்காமல் கட்டாதே. அவ்வளவுதான் சட்டம்.

மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவள் ரஹ்மத் நிஷா என்ற அதிகாரி. வாணியம்பாடிக்காரி; பேச்சு மெதுவாக, கணக்காக வரும். முதல் நாள் காலை தலைவர், அமலோற்பவம், நில உரிமைக் கட்சியின் சிங்காரவடிவேல் மூவரையும் உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தாள். நீளமான மேசை, சுவர் முழுக்கத் திரை, ஒரு தொலைபேசி.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்றார் தலைவர்.

"தமிழ்நாடு முழுசா இருக்குங்கய்யா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிழல். ரேஷன், ஆஸ்பத்திரி, கரண்ட் பில், யாரு யாரோட பேசுறாங்க, எதுக்குக் கோவப்படுறாங்க, எல்லாத்தையும் இருபது வருஷமா சேர்த்து வச்சு உண்டாக்கினது. நீங்க இங்க ஒரு உத்தரவு போட்டா அது அங்க நடக்கும். இங்க ஒரு மணி நேரம்னா அங்க ஒரு மாசம்."

"எங்க எம்.எல்.ஏ. பயலுவளும் இருக்கானுவளா?" என்றாள் அமலோற்பவம்.

"எல்லாரும் இருக்காங்க மேடம். உங்க நிழல் இப்ப யாரையாவது எண்ணிக்கிட்டிருக்கும்."

சிங்காரவடிவேல் தொடையைத் தட்டிச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

"நாம நிழல்தான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. அவங்களுக்கு அதுதான் வாழ்க்கை."

"அப்படின்னா விளையாட்டுன்னு நெனச்சு உக்காரக்கூடாது" என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு மனுஷனைப் பதினைந்து வருஷம் எதிர் வரிசையிலேயே உட்காரவைத்த ஜனங்களுக்குப் புத்தியே கிடையாது என்று அமலோற்பவத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவர் ஆண்ட ஆட்சி ஆட்சிதான். காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் மலைக் கிராமத்துக்கெல்லாம் டாக்டர் போனார். கரும்புக்காரனுக்குப் பாக்கி போய்ச் சேர்ந்தது. திரையில் நிழல் ஜனங்கள் டீக்கடையில் நின்று "பரவாயில்லையே இந்த ஆளு" என்று பேசிக்கொண்டார்கள். அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், முதல் உத்தரவாக ஒன்று போட வேண்டியிருந்தது. சிங்காரவடிவேல் கைகோக்க ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஆளுங்கட்சி போன ஆட்சியிலேயே தொடங்கிய கரையேற்றத் திட்டத்தை நிறுத்தி, மறுபரிசீலனைக் குழு போடவேண்டும். கடல் தின்கிற கரையோர ஊர்களைப் பெயர்த்து உள்ளே மேட்டில் குடிவைக்கிற திட்டம் அது. சிலுவைத்துறைக்குச் செக்கடிமேட்டில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. செக்கடிமேடு சிங்காரவடிவேலின் ஆட்கள் தலைமுறையாக ஆடு மேய்த்த நிலம்.

"எங்க ஆளுக வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டுத்தான் மீன்காரங்களுக்கு வீடா அண்ணே? மேய்ச்சலுக்கு மாத்து நிலம் எங்கன்னு ஒருத்தன் கேட்டானா?" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

"மூணே மாசம். குழு விசாரிக்கட்டும். வேலை நடக்கிறது நடக்கட்டும், குடிவைக்கிறதை மட்டும் நிறுத்தி வைப்போம்" என்று தலைவர் கையெழுத்துப் போட்டார்.

நிழல் நாட்டில் கார்த்திகை பிறந்தது. கடல் வந்தது.

திரையில் சிலுவைத்துறைக் கோயில் கோபுரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றதை அமலோற்பவம் பார்த்தாள். அந்த நேரம் மேசைத் தொலைபேசி அடித்தது. முதலமைச்சரின் குறைதீர் எண்ணுக்கு வந்த அழைப்பு. தலைவர் எடுத்தார். மறுமுனையில் கேட்ட குரல் அமலோற்பவத்தின் அக்கா லூர்தம்மாளுடையது. நிழல் குரல்தான், ஆனால் அதே கரகரப்பு, அதே மூச்சிரைப்பு.

"ஐயா, வீடு கட்டி முடிச்சு நிக்குய்யா. சாவிதான் குடுக்கல. குழு வரணுமாம், போர்டுல பழைய ஆட்சி பேரை மாத்தணுமாம், அப்புறம் மந்திரி வந்து திறக்கணுமாம். சாவியக் குடுங்கய்யா, புள்ளைகளைக் கூட்டிட்டு நடந்தே போயிருதோம்..."

இணைப்பு அறுந்துபோனது. தலைவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ரஹ்மத் நிஷா வந்து மெதுவாக அவர் கையிலிருந்து அதை வாங்கி வைத்தாள்.

"நிழல்தானே அண்ணே" என்றார் சிங்காரவடிவேல், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மெஷின் காட்டுற பூச்சாண்டி. இதுக்கெல்லாம் பயந்தா ஆட்சி நடத்த முடியுமா?"

"எங்க அக்கா வீட்டுப் பூச்சாண்டிய்யா அது!" என்று அமலோற்பவம் எழுந்தேவிட்டாள். தலைவர் அவளைக் கையமர்த்தினார்.

வெளியே காருக்கு நடக்கையில் அவளிடம் சொன்னார். "கவலைப்படாதே தாயி. நாம வந்தா அதை நிறுத்த மாட்டோம். சிங்காரவடிவேலை நான் பேசிச் சரிக்கட்டிக்கிடுதேன். நீ ஓட்டுக்கு ஆளுகளைத் தயார் பண்ணு."

அண்ணாச்சி சொன்னால் சொன்னதுதான். அவள் அத்தோடு அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள். எம்.எல்.ஏ.க்களை வழக்கம்போல ஒரு சொகுசு விடுதியில் அடைத்து, இட்லிக்கு ஒருமுறை, பிரியாணிக்கு ஒருமுறை என்று தலை எண்ணிக்கொண்டிருந்தாள். தலைவர் மட்டும் தினமும் தனியாக ஒத்திகை மண்டபத்துக்குப் போய்வந்தார். "என்ன அண்ணாச்சி, இன்னும் என்ன ஓட்டிப் பாக்கீய?" என்று கேட்டதற்கு, "பழகிக்கிடுதேன். நாளைக்கு நெசமா ஆளணும்லா?" என்றார். முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தது. வயசு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நம்பிக்கை கோரும் தீர்மானம் ஆனி மாதத்தில் சபைக்கு வந்தது. இதில் அரசு தோற்றால் அன்றைக்கே கொழுந்து முதலமைச்சர். ஜெயித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு அரசைத் தொட முடியாது. அமலோற்பவம் நூற்று இருபத்திரண்டு பேரையும் இரண்டு தரம் எண்ணி உள்ளே அனுப்பினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. கட்சி அலுவலகத்தில் பட்டாசு வாங்கி வைத்தாயிற்று. அவள் வழக்கம்போலக் கதவோரம் போய் உட்காரப் போனபோது தலைவர் கூப்பிட்டார்.

"அமலு, இன்னைக்கு இங்க வா. எம் பக்கத்துல உக்காரு."

"கதவு அண்ணாச்சி..."

"கதவு எங்கயும் ஓடிப்போயிராது. இன்னைக்கு நாள் வேற. வா."

பட்டாபிஷேகத்துக்குப் பக்கத்தில் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. போய் உட்கார்ந்தாள்.

முதலமைச்சர் பரிதிவாணன் பேசினார். நாற்பத்தைந்து வயசு, அன்றைக்கு அறுபது மாதிரி இருந்தார். "இன்னும் ஆறு மாசம் கொடுங்க. மழைக்கு முன்னால கரையேத்தி முடிச்சிடுறேன். அப்புறம் நீங்களே என்னை இறக்கி விடுங்க" என்றார். கெஞ்சுகிற குரல்தான். எதிர் வரிசை சிரித்தது. அவர் உட்கார்ந்தார். விவாதம் முடிந்தது, சபாநாயகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்மானத்தை வாசிக்க எழுந்தார்.

ஆளுங்கட்சியின் பின்வரிசையில் ஒரு வாய்த்துடுக்கு ஆள் உண்டு. எந்தக் கூட்டத்திலும் முன்னணியின் நிறுவனரை ஒரு இழு இழுக்காமல் அவருக்குச் சோறு செரிக்காது. தோற்கப்போகிற ஆத்திரத்தில் அன்றைக்கும் எழுந்தார். "உங்க நிறுவனர் நாடு பூரா கொடிக்கம்பம் நட்டாரு. ஒரு வேப்பங்கன்னு நட்டாரா?"

அவ்வளவுதான். திருமலைக்கொழுந்து தோள் துண்டை உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

இதை விவரம் தெரியாதவர்களுக்கு விளக்கவேண்டும். தலைவர் துண்டை உதறிப் போட்டால் வெளிநடப்பு. பதினைந்து வருஷமாக, எந்த ஓட்டும் ஜெயிக்கமுடியாத கட்சி, மாதத்துக்கு நாலு தரம் செய்துவந்த காரியம் அது ஒன்றுதான். நிறுவனரை ஒருத்தன் சொல்லிவிட்டால் யோசனையே கிடையாது. காலுக்குத் தானாகத் தெரியும். எழுவார்கள், கோஷம் போடுவார்கள், வெளியே போய் மைக்கில் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், திரும்பி வருவார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம்! உக்காருங்க!" என்று அமலோற்பவம் பதறி அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியது. உடம்பு ஆடியது. "தலை சுத்துது தாயி. கண்ணு இருட்டுது. என்னை வெளிய கூட்டிட்டுப் போயிரு."

மற்றதெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. அவர் இடுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். நாம் இரண்டு பேர் போனாலும் நூற்று இருபது பேர் உள்ளே இருப்பார்கள், போதும் என்று ஒரு கணக்கு மட்டும் மண்டையில் ஓடியது. ஆனால் பின்னால் "வெளிநடப்பு! வெளிநடப்பு!" என்று இடி மாதிரி கோஷம். திரும்பினால், மொத்தக் கிடையும் வருகிறது! தலைவர் முன்னால் போகிறார், கொறடாவே கூடப் போகிறாள், இதற்குமேல் என்ன உத்தரவு வேண்டும்? பெரிய கட்சி போனால் ஒற்றுமைக்குக் கூடப்போவது சிங்காரவடிவேலின் கட்சிக்கும் வழக்கம். அந்த இருபத்து மூன்று பேரும் பின்னால் வர, "டேய், எங்கடா போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவரும் வந்துவிட்டார்.

"போங்கய்யா உள்ள! எல்லாரும் உள்ள போங்க!" என்று அவள் கத்தியது கோஷத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கூடத்தில் மைக்குகள் காத்திருந்தன. மைக்கைப் பார்த்த அரசியல்வாதிக்கு மணி கேட்குமா? நிறுவனரை இழிவுபடுத்தியதைக் கண்டித்து ஆளுக்கு ஒரு மைக்கில் பொரிந்து தள்ளினார்கள்.

உள்ளே ஓட்டுக்கான மணி அடிக்கத் தொடங்கியது. அது நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவன் உள்ளே, வெளியே இருப்பவன் வெளியே. அமலோற்பவம் தலைவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடப் பார்த்தாள்.

"போகாதே அமலு. நெஞ்சைப் பிடிக்குது."

ஒரு பக்கம் கதவு. ஒரு பக்கம் அண்ணாச்சி. அவள் அவர் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துவிட்டாள். "டாக்டரைக் கூப்பிடுங்கய்யா!" என்று அலறினாள். மணி நின்றது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, "ஐயையோ" என்றார்.

ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப்பு, ஒருவரும் இல்லை. முதலமைச்சருக்கே நம்ப முடியவில்லை. எண்ணிக்கையை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாராம்.

அப்புறம் நடந்த கூத்தை நாடே பார்த்தது. பழக்கதோஷத்தில் ஆட்சியைக் கோட்டைவிட்ட கட்சி என்று குழந்தைகள்கூடக் கேலி பேசின. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மணவறையை விட்டு எழுந்தால், "என்ன மாப்ளே, வண்டலூருக்கா?" என்று கேட்டார்கள். கொறடா உத்தரவை மீறியதற்கு நடவடிக்கை எடுப்பதென்றால் மொத்தக் கட்சியையும் நீக்கவேண்டும், கொறடாவையும் சேர்த்து. ஆகவே ஒரே ஒருவரை நீக்கினார்கள். தொண்டர்கள் தலைவர் வீட்டு வாசலில் செருப்பை எறிந்தார்கள். "வயசாச்சுப்பா. பழக்கதோஷம். மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டுவிட்டு அவர் ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறிப் போனார். கட்சி உடையவில்லை, ஆத்திரத்தில் முன்னைவிட ஒற்றுமையாக நின்றது. கொறடா பதவியை அமலோற்பவமும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தாள். பதினைந்து வருஷம் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு, மீன் வந்த நேரத்தில் கண்ணை மூடிவிட்டதே என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள். அவர்மேல் கோபம்கூட வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஐப்பசியில் செக்கடிமேட்டு வீடுகளுக்குச் சாவி கொடுத்தார்கள். "இங்கன இருந்தா கடல் சத்தமே கேக்காதே, எப்படி உறக்கம் வரும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே லூர்தம்மாள் பாத்திரம் பண்டத்தோடு மேடு ஏறினாள். சிங்காரவடிவேலின் ஆட்களுக்கு மேய்ச்சலுக்கு மாற்று நிலம் கால்வாய்ப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பாதி மனசோடு வாங்கிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் கடல் வந்தது. நிழல் நாட்டில் வந்த அதே மாதிரி, அதே வேகத்தில். சிலுவைத்துறைத் தெருக்களில் ஒரு சுவர் மிஞ்சவில்லை. கோயில் கோபுரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. ஊர்க்காரர்கள் எல்லாரும் மேட்டில் நின்று அதைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு எல்லாரும் இருந்தார்கள். மேய்ச்சல்காரப் பெண்கள் சோறு வடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் நிவாரண வேலைக்கு வந்த அதிகாரிகளில் ஒருத்தியை அமலோற்பவத்துக்கு அடையாளம் தெரிந்தது. ரஹ்மத் நிஷா. அவளும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இதைச் சொல்லக்கூடாது மேடம். சட்டப்படி தப்பு. ஆனா அவரைப் பைத்தியக்காரக் கிழவன்னு டீக்கடையில பேசுறதை இனிமே என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல" என்றாள்.

"எதைச் சொல்லுதே?"

"அந்த முதல் நாளுக்கப்புறம் ஐயா தினமும் வந்தார். திட்டத்தை நிறுத்தாம ஆண்டு பார்த்தார்; சிங்காரவடிவேல் விலகிட்டார், ஆட்சி விழுந்தது, எல்லா வேலையும் நின்னுபோச்சு. சிங்காரவடிவேலைச் சமாதானம் பண்ணிப் பார்த்தார். உங்க கட்சிக்காரங்களே வீட்டுப் போர்டுல பேர் மாத்தாம சாவி கொடுக்க விடல. எப்படி ஓட்டினாலும் கார்த்திகையில உங்க அக்கா போன் பண்ணாங்க. இந்தச் சிறுபான்மை அரசு நீடிச்சா மட்டும்தான் அந்த போன் வரல."

"அப்ப அதை வெளிப்படையா சொல்லி ஆதரிச்சிருக்கலாமே!"

"அதையும் பார்த்தார். ஆதரிச்சா உங்க கட்சி உடைஞ்சு, அவரோட ரெண்டு பேர்தான் நிக்கிறாங்க; மத்தவங்க எல்லாம் போய் அரசைக் கவிழ்த்துடுறாங்க. ஓட்டுப் போடாம சும்மா உட்கார்ந்தாலும் உடையுது. ஏமாந்துபோனா மட்டும் உடையல. ஏமாந்தவங்க எல்லாம் சேர்ந்து ஒரு ஆளை அடிக்கக் கிளம்புறாங்க. அப்பதான் சிரிச்சார். 'அந்த ஆளு நானா இருந்துட்டுப் போறேன். வெளிநடப்பை ஒத்திகை பாப்போம்'னார்."

அமலோற்பவம் அவள் பக்கம் திரும்பினாள்.

"துண்டை உதறினதும் எல்லா நிழலும் எழுந்து போச்சு மேடம். ஒண்ணே ஒண்ணைத் தவிர. உங்க நிழல் கதவை மறிச்சு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னுது. ஒருத்தரையும் விடல. எத்தனை தடவை ஓட்டினாலும் விடல. 'பாத்தியாம்மா, இவதான் எங்க அமலு'ன்னு பெருமை பேசிக்கிட்டே தலையில கையை வச்சுக்கிட்டார். கடைசியாத்தான் அவர் நிழலுக்குத் தலை சுத்திச்சு. உங்க நிழல் கதவை விட்டுட்டு ஓடி வந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா..." அழுகையும் ஆத்திரமுமாக வந்தது அவளுக்கு. "நானே கதவைத் திறந்து விட்டிருப்பேனே! எங்க ஊரும்மா இது!"

ரஹ்மத் நிஷா இல்லை என்று தலையசைத்தாள்.

"சொல்லிப் பார்த்தார் மேடம். உங்க நிழல்கிட்ட எல்லாத்தையும் உடைச்சுச் சொன்னார். நீங்க ஒத்துக்கல. 'பதினஞ்சு வருஷம் காத்தாச்சு அண்ணாச்சி, நீங்க நாற்காலியில ஏறுங்க. எங்க ஊரை நாங்க படகுல ஏத்திக் கரை சேத்துக்கிடுவோம்'னு சொல்லிட்டீங்க. அதைக் கேட்டுட்டு ஐயா, 'அவகிட்டக் கேட்டா எனக்காக ஊரையே குடுத்துருவா. அதனால கேக்கக்கூடாதும்மா'ன்னார்."

மறுத்துச் சொல்ல அமலோற்பவம் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் அவளுடையவைதான். அப்படியேதான் சொல்லியிருப்பாள், ஒரு எழுத்து மாறியிருக்காது.

"ஒத்திகை முடிஞ்சா நிழலையெல்லாம் அணைச்சிடுவோம்" என்றாள் ரஹ்மத் நிஷா. "கடைசி ஒத்திகையை மட்டும் உடனே அணைக்க விடல. உங்க அக்காவோட நிழல் சாவியை வாங்கி, வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, புள்ளைங்களைப் படுக்கவச்சுட்டுத் தானும் படுத்து உறங்குற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம்தான், 'சரிம்மா, இப்ப அணை'ன்னார்."

இரண்டு நாள் கழித்து, பாதை திறந்ததும், அமலோற்பவம் ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினாள். லூர்தம்மாள் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "நம்ம வண்டலூராருக்குத்தான். பாவம், யாரு போய்ப் பாக்கப் போறா?" என்றாள்.

திருமலைக்கொழுந்து மதிய வெயிலில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். அந்தத் துண்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. விழுந்து கும்பிடலாமா, சண்டை போடலாமா என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், கருவாட்டுப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இவ்வளவுதான் கேட்டாள்.

"தலைசுத்தல் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்தார். முதலில் வேறொன்று கேட்டார்.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாரும் சௌக்கியம் அண்ணாச்சி. ஒருத்தர் குறையல."

"எண்ணிட்டியா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"அப்ப நின்னுபோச்சு தாயி" என்றார் திருமலைக்கொழுந்து. "வா, உக்காரு. சோறு சாப்பிடலாம்."